சிரிக்காத சர்வர் வாழ்க!

ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். லாரி நிற்கிற இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்பார் ஒருவர். கை கழுவுகிற இடத்தை முதலில் பார் என்பார் இன்னொருவர். செல்போனில் நட்சத்திரம் எண்ணுகிறவர்கள் தனி ரகம். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் சமையற்கட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பீர் விஷயத்தில் என்னுடைய வழி ரொம்ப எளிது. உள்ளே நுழைந்ததும் சர்வரின் முகத்தைப் பார்ப்பேன். பல் தெரியச் சிரித்து வரவேற்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். "நீ எதற்கு வந்தாய்?" என்று கண்ணாலேயே கேட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பீர் நன்றாக இருக்கும்.

மோட்டார் பம்ப் விற்பது என் பிழைப்பு. கோயம்புத்தூரில் இருந்து பெட்டி கட்டிக்கொண்டு ஜெர்மனியில் எங்கே இயந்திரக் கண்காட்சி நடக்கிறதோ அங்கே போய், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பம்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பம்பைப் பார்க்க வருகிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பாத்ரூம் எங்கே என்று கேட்க வருகிறவனைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கன்னம் இரண்டும் வலிக்கும். அந்த நேரத்தில் யாரும் சிரிக்காத, நான் சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லாத ஓர் இடம் இருந்தால் அதுதான் எனக்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தை ஜெர்மானியர்கள் தெருவுக்குத் தெரு கட்டி வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி என்னைத் தனியாக அனுப்பாது. கூடவே எங்கள் கணக்காளரும் வருவார். வயதில் என்னைவிட மூத்தவர், சுத்த சைவம், உள்ளூரில் பீர் என்ற சொல்லைக் கேட்டாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். விமானம் மேலே ஏறியதும் அது பார்லித் தண்ணீர் ஆகிவிடும்.

இந்தப் பாடத்தின் பால வகுப்பு கொலோன் நகரத்தில். அந்த ஊர்ப் பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். அந்த வட்டாரத்துக்கு வெளியே காய்ச்சினால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 1997-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்துவிட்டார்கள். பரிமாறுகிறவருக்குக் கோபெஸ் என்று பட்டம். நீல உடுப்பு, இடுப்பில் தோல்பை, கையில் வட்டத் தட்டு. தட்டில் குழி குழியாக இருக்கும். குழிக்கு ஒரு கிளாஸ் நிற்கும். கோபெஸ் என்பவர் கொஞ்சம் எடுத்தெறிந்து பேச வேண்டும் என்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம். தண்ணீர் கேட்டவரிடம், "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டுவரட்டுமா?" என்று கோபெஸ் கேட்பார் என்பது அங்கே பரம்பரை நகைச்சுவை. பணிவான கோபெஸ் கிடைத்தால் உள்ளூர்க்காரர்களே சந்தேகப்படுவார்கள்.

தேவாலயத்தின் நிழல் விழுகிற ஒரு பழைய பீர்க்கூடத்தில் நானும் கணக்காளரும் உட்கார்ந்தோம். ஆர்டர் செய்ய வாயைத் திறப்பதற்குள் இரண்டு கிளாஸ் வந்து இறங்கியது. ஒல்லியாக, உயரமாக, 200 மில்லி.

கணக்காளர் கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க, இது சாம்பிளுங்களா?"

"இல்லீங்க சார். அளவே அதுதான். பெரிய கிளாஸ்ல ஊத்துனா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சூடாகி, நுரை செத்துப்போகுமாம்."

அவர் இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த கை விலகுவதற்குள் அடுத்த கிளாஸ். கோபெஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கிளாஸுக்கு அடியில் இருந்த வட்ட அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். வாங்கியதை மிச்சம் வைத்தால் பாவம் என்று வளர்க்கப்பட்டவர் கணக்காளர். எனவே அதையும் முடித்தார். முடித்தால் அடுத்தது வருகிறது. வந்தால் முடிக்க வேண்டியிருக்கிறது. கோடு ஏறிக்கொண்டே போனது. "வேண்டாமுங்க" என்று தமிழில் கைகூப்பிப் பார்த்தார். கோபெஸ் கூப்பிய கைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸை வைத்தார்.

இதை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. அந்த வட்ட அட்டையை எடுத்துக் கிளாஸின் வாயை மூட வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையை மடிக்கிற வரைக்கும் சாம்பார் வாளி நகராது அல்லவா, அதே சட்டம். பக்கத்து மேஜைக் கிழவர் ஒருவர் எங்கள் நிலைமையைப் பார்த்து, தாமே எழுந்து வந்து, கணக்காளரின் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். அவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை. கணக்காளர் பில் கேட்டார். கோபெஸ் அட்டையில் இருந்த கோடுகளை எண்ணி, அதன் ஓரத்திலேயே தொகையை எழுதினார். அச்சடித்த ரசீது வேண்டும் என்று கணக்காளர் நிற்க, கோபெஸ் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே அந்தக் கடைக்கு இன்னொரு முறை போகலாம். கடைசியில் அந்த அட்டை கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது. வட்டமான காகிதத்தைக் கோப்பில் எந்தப் பக்கம் ஓட்டை போட்டுக் கோர்ப்பது என்று கணக்குப் பிரிவில் ஒரு நாள் விவாதம் நடந்தது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "விருந்தோம்பல் செலவு" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுச் சேர்த்தார்கள். வருஷக் கடைசியில் ஆடிட்டர் அதை எடுத்து முகர்ந்து பார்த்ததாகக் கேள்வி.

கொலோனில் இருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி டுசல்டோர்ஃப். அங்கே செம்பு நிறத்தில் ஆல்ட் என்ற பீர். இரண்டு ஊருக்கும் ஆகாது. அங்கே போய் இங்கத்துப் பீரைக் கேட்பதும் இங்கே வந்து அங்கத்துப் பீரைக் கேட்பதும் உடம்புக்கு நல்லதில்லை. அந்த ஊரில் 1862-ல் வில்ஹெல்ம் க்யூர்ட்டன் என்பவர் தொடங்கிய ஊரிகெ என்ற பீர்க்கூடம் இன்றும் பிரமாதமாக நடக்கிறது. கசப்பான, அழுத்தமான பீர். க்யூர்ட்டன் சிடுசிடுப்புக்குப் பேர்போனவர். ஊர்க்காரர்கள் "சிடுமூஞ்சிக் கடை" என்று சொல்லிச் சொல்லி அதுவே கடையின் பெயராக நிலைத்துவிட்டது. நம்மூரில் நிறுவனர் படத்துக்கு மாலை போட்டு "கருணைக் கடல்" என்று எழுதுவார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தக் கடைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பீர்தான். தலைமுறை தலைமுறையாக அதே பீர். உங்களுக்குப் பிடித்தாலும் ஒன்றுதான், பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். வாடிக்கைக்காரர்களுக்கு மேஜை தனியாக இருக்கிறது, அதில் அவர்கள் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்வர் விற்க வேண்டியது எதுவும் இல்லை. விற்க வேண்டியது இல்லாதவன் எதற்காகச் சிரிக்க வேண்டும்? பம்ப் விற்கிற எனக்குத்தான் தெரியும், சிரிப்புக்குள் எத்தனை சதவீதம் தள்ளுபடி ஒளிந்திருக்கிறது என்று.

இதற்கு நேர்மாறான கடைகளும் உண்டு. பெங்களூரில் ஓர் இளைஞர் எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து தம் பெயரைச் சொன்னார். இன்று எங்கள் பீர்ப் பயணத்துக்கு அவர்தான் வழிகாட்டியாம். பலகையில் ஆறு சின்ன கிளாஸ் வந்தது. ஒன்றில் மாம்பழம், ஒன்றில் காபி, ஒன்றில் பாயசத்தில் போடுகிற ஏதோ. கொத்தமல்லி விதை போட்ட பெல்ஜியக் கோதுமைப் பீர் பழைய சங்கதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அவர் ஓடிவந்து, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டால், நாக்கு என்ன செய்யும், பாவம். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே போனால் சிரிப்புக்கு இருபது சதவீதம் டிப்ஸ் தனி.

"அப்படியானால் நம்மூரில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று சிடுசிடுக்கிறாரே, அவர் கடைப் பீர் அமிர்தமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். நல்ல பீர் இருக்கிற இடத்தில் சிடுசிடுப்பு இருக்கும் என்றேன். சிடுசிடுப்பு இருக்கிற இடத்தில் எல்லாம் நல்ல பீர் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தர்க்கம் படித்தவர்களுக்கு இது புரியும். கம்பி வலை வழியாகக் கைவிட்டு வாங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

என் சித்தாந்தத்தின் மூல விக்கிரகம் செக் நாட்டில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க விற்கிற பீரில் பெரும்பகுதி பொன்னிறமாக, தெளிவாக இருக்கிறதே, அந்த வகையின் பிறந்த வீடு பில்சன் நகரம். 1838-ல் அந்த ஊர்க்காரர்கள், தங்களுக்கு வாய்த்த பீரின் லட்சணம் பொறுக்காமல் 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டினார்கள். கொட்டியதோடு நிற்காமல், ஊர் கூடி ஒரு புது ஆலையைக் கட்டி, பவேரியாவில் இருந்து ஜோசப் க்ரோல் என்பவரைப் பீர் காய்ச்ச அழைத்து வந்தார்கள். பில்சனின் தண்ணீர் மென்மையான தண்ணீர். பக்கத்திலேயே ஸாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் பூ. முளைகட்டிய பார்லியைக் கருக விடாமல் வெளிறலாக உலர்த்தி, பவேரியாவின் ஈஸ்ட்டைப் போட்டு, குளிர்ந்த நிலவறையில் ஊற வைத்து, 1842 நவம்பரில் க்ரோல் முதல் பீப்பாயைத் திறந்தார். அதுவரை கறுப்பும் பழுப்புமாகக் கலங்கல் பீரைப் பார்த்துப் பழகிய சனங்களுக்கு முன்னால் தங்கம் வந்து நின்றது.

இந்தத் தங்கத்தைக் கொடுத்த க்ரோல் எப்படிப்பட்ட ஆள்? பவேரியா முழுக்கத் தேடினாலும் இவனைப்போல் ஒரு முரடன் கிடைக்க மாட்டான் என்று பெற்ற தகப்பனே சொன்னதாக ஒரு கதை உண்டு. 1845-ல் ஒப்பந்தம் முடிந்ததும் பில்சன்காரர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டுச் செய்முறையை வைத்துக்கொண்டார்கள். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும் எனக்கு?

அந்தப் பீரை நன்றாக ஊற்றுகிற இடம் என்று பிராகாவில் பலரும் கை காட்டுவது ஹுசோவா தெருவில் இருக்கும் "தங்கப் புலி". நாவலாசிரியர் போஹுமில் ஹ்ரபால் அங்கேதான் பழியாகக் கிடப்பார். 1994 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் வந்தபோது, செக் ஜனாதிபதி ஹாவெல் அவரை அழைத்துப்போய் ஹ்ரபாலின் மேஜையில் உட்கார வைத்தார். எழுத்தாளர் ஜனாதிபதியைப் பார்க்கப் போகவில்லை, ஜனாதிபதி எழுத்தாளரின் கடைக்கு வந்தார் என்பதை இங்கே எத்தனையோ இலக்கியக் கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள். திறந்த சூட்டோடு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மூலையில் ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தால் பூர்வ புண்ணியம்.

செக் நாட்டில் கணக்காளருக்கு நுரைதான் உறுத்தியது. அங்கே நுரை என்றால் பேருக்குக் கொஞ்சம் இல்லை. மூன்று விரற்கடைக்குக் கெட்டியாக, ஈரமாக, தேங்காய்ப் பால் நிறத்தில் நிற்கும். நுரை மட்டுமே நிரம்பிய கிளாஸ் ஒன்றும் விற்கிறார்கள், அதற்கு "பால்" என்று பெயர். ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். லேசான இனிப்பாக இருக்கும், நன்றாகவே இருக்கும்.

"நுரைக்குக் காசு வாங்கறாங்களா?" என்று கேட்டார் கணக்காளர். நமக்கு டீக்கடையில் பழக்கம்தானே, ஆற்றி ஆற்றி நுரையாக்கிக் கொடுத்தால் "நல்ல டீ" என்று குடிப்போம் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. தம் கிளாஸில் நுரை அடங்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். அதைப் பார்த்த சர்வர் வந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு போய், புதிதாக நுரை ததும்ப இன்னொன்றை வைத்துவிட்டு, எதிரிலேயே கை கட்டி நின்றார். கணக்காளர் குடிக்கும் வரை நகரவில்லை. அதற்குக் காசு கேட்கவும் இல்லை. நுரை என்பது பீருக்கு மூடி. அது காற்றுப் படாமல் காக்கிறது, அது செத்தால் பீர் செத்தது. இதையெல்லாம் அவர் வாயால் விளக்கியிருந்தால் கணக்காளர் வாதாடியிருப்பார்.

ஒரு முறை மனைவியையும் மியூனிக் அழைத்துப்போனேன். அவளுக்குப் பீர் வாசனையே ஆகாது. ஆனால் அந்த ஊரில் என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை கிடைத்தது. காரணம் ஒரு தூக்குப்போசி.

பழைய காலத்தில் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சக் கூடாது. 1553-லேயே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை தடை போட்டுவிட்டார்கள். வெயிலில் காய்ச்சினால் கெட்டுப்போகும், அடுப்புத் தீயில் ஊரும் பற்றிக்கொள்ளும். ஆகவே குளிர்காலத்தில் காய்ச்சி நிலவறையில் சேமித்தார்கள். நிலவறை சூடேறாமல் இருக்க மேலே கஷ்கொட்டை மரம் வைத்து, கீழே சரளைக்கல் பரப்பினார்கள். அந்த மர நிழலில் பெஞ்சைப் போட்டு அங்கேயே விற்கவும் தொடங்கினார்கள். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் போகிறதே என்று அரசரிடம் முறையிட்டார்கள். 1812-ல் அரசர் மாக்ஸிமிலியன் ஜோசப் பஞ்சாயத்து பண்ணினார்: நிலவறைக்காரன் பீர் விற்கலாம், சாப்பாடு விற்கக் கூடாது. சனங்கள் வீட்டில் இருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்த உரிமை இன்றைக்கும் செல்லும். விரிப்புப் போடாத மேஜையில் உட்கார்ந்து, பீர் மட்டும் வாங்கிக்கொண்டு, கொண்டுபோனதைத் தின்னலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

"வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை" என்ற பலகையைச் சினிமா தியேட்டரில் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம். அரசர் சொன்ன சொல்லை நம்பி, அகுஸ்டினர் கெல்லரின் கஷ்கொட்டை மரத்தடியில் என் மனைவி தூக்குப்போசியைத் திறந்தாள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், நார்த்தங்காய் ஊறுகாய். எதிரே ஒரு வயதான தம்பதி கட்டம் போட்ட துணியை விரித்து, வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் புளிச்சோற்றைப் பார்த்தார். மனைவி ஒரு மூடியில் வைத்து நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டார். ஊறுகாயையும் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் முள்ளங்கியில் பாதியை எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு மூடியை மறுபடி நீட்டினார்.

அன்றைக்கு நான் என் சித்தாந்தத்தை மனைவியிடம் விளக்கினேன். விரிப்புப் போட்ட பக்கம் ஓர் அம்மாள் ஒரு லிட்டர் கிளாஸ்களை இரண்டு கையிலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்துகொண்டிருந்தார். நிரம்பிய கிளாஸ் ஒன்று இரண்டு கிலோவைத் தாண்டும். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இருபது கிலோவைத் தூக்கிட்டு வர்ற பொம்பளை எதுக்குங்க சிரிக்கணும்? நீங்க ஒரு நாள் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிட்டு வந்து சிரிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்."

சித்தாந்தத்தில் இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

பாம்பர்க் போனபோது துணை மறுபடியும் கணக்காளர். ஆற்றின் நடுவே நகர மன்றத்தைக் கட்டி வைத்திருக்கிற அழகான ஊர். யுனெஸ்கோ 1993-ல் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் அதை ரயிலுக்குப் போகிற வழியில் பார்த்தோம். முதலில் போனது தேவாலய மேட்டுக்குக் கீழே இருக்கும் ஷ்லெங்கர்லாவுக்கு. 1405-லேயே அந்த வீட்டைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. கறுத்த உத்தரம், தாழ்ந்த கூரை, மரப் பீப்பாயில் இருந்து நேராகப் பிடித்துக் கொடுக்கும் கருஞ்செம்பு நிறப் பீர். முளைகட்டிய பார்லியைப் பீச் மரக்கட்டை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் விறகில் உலர்த்திய எல்லாப் பீருக்கும் ஏதோ ஓர் அளவில் புகை வாசனை இருந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் புகை படாத சூளைக்கு மாறிவிட்டார்கள். இவர்கள் மாறவில்லை.

கணக்காளர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, இதுல கறி போட்டிருக்காங்க."

அவர் மேல் தப்பில்லை. அந்த வாசனை அச்சாகப் புகை போட்ட பன்றி இறைச்சி வாசனைதான். நான் 1516-ஆம் வருஷத்துப் பவேரியச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. கறிக்கு அதில் இடமே கிடையாது.

"சட்டம் போட்டுட்டா எல்லாரும் கேட்டுருவாங்களாக்கும்? நானும் இத்தனை வருசமா வரிக் கணக்குப் பார்த்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

சர்வரைக் கூப்பிட்டு, இவர் சைவம், இதில் மாமிசம் உண்டா என்று கேட்டேன். சர்வர் கணக்காளரைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், "முதல் கிளாஸில் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்" என்றுவிட்டு நடையைக் கட்டினார். மூன்றாவது கிளாஸில்தான் இந்தப் பீரின் அருமை தெரியும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. முதல் கிளாஸை மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்தாகக் குடித்தார் கணக்காளர். இரண்டாவதில் மூக்கை விட்டார். மூன்றாவதைப் பாதி குடித்துவிட்டு, "சட்டம்னா சட்டந்தானுங்க" என்றார்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோஹோவில் கோச் அண்ட் ஹார்ஸஸ் என்ற பப்பை நார்மன் பாலன் என்பவர் 2006 வரை நடத்தினார். லண்டனிலேயே மரியாதை கெட்ட பப்காரர் என்று பெயர் வாங்கி, அதை விளம்பரமாகவே வைத்துக்கொண்டவர். பிடிக்காதவர்களை வெளியே போகச் சொல்லிச் சொல்லியே புகழ் பெற்று, 1991-ல் தம் சுயசரிதைக்கும் அந்த வசவையே தலைப்பாக வைத்தார். எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் வசவு வாங்கவே வரிசையில் நின்றார்கள். நான் போகும்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு வசவு கொடுத்து வைக்கவில்லை.

பெல்ஜியம்தான் இந்தப் பாடத்தில் மேல்படிப்பு. பிரஸ்ஸல்ஸில் மிடி ரயில் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் காந்தியோன் என்ற பீர் ஆலை 1900-ல் இருந்து இருக்கிறது. பரணில் அகலமான, ஆழமில்லாத ஒரு செப்புத் தொட்டி. குளிர்காலத்தில் கொதிக்கக் கொதிக்கக் கஷாயத்தை அதில் ஊற்றி, கூரையின் பலகைச் சந்துகளைத் திறந்துவிட்டு, ராத்திரி ஆற விடுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் போடுவதில்லை. காற்றில் மிதந்து வருகிற ஈஸ்ட்டும் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற ஈஸ்ட்டும் இறங்கி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பனையில் கட்டிய கலயத்தில் கள் புளிப்பதும் இதே காரியம்தான். தமிழ்நாட்டில் 1987-ல் இருந்து அதற்குத் தடை. பிரஸ்ஸல்ஸிலோ அப்படிப் புளித்ததையே மூன்று வருஷம் வரை மரப் பீப்பாயில் போட்டு வைத்து, ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது என்று கலந்து, தக்கை அடித்து, குடும்ப சொத்தாக நடத்துகிறார்கள்.

காந்தியோனில் ஆட்கள் மரியாதையாகவே பேசினார்கள். என் சித்தாந்தம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். அப்புறம்தான் பீப்பாய் அறையைப் பார்த்தேன். உத்தரத்தில், பீப்பாய் இடுக்கில், சன்னல் மூலையில் எங்கே பார்த்தாலும் ஒட்டடை. அடிக்க மாட்டார்கள். பழ ஈக்கள் பீப்பாயை அண்டாமல் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன; அவை இங்கே சம்பளம் வாங்காத காவலர்கள். சிலந்தி சிரித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? இந்த ஒட்டடையை ஒரு புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி, பார், இதுதான் தரத்தின் அடையாளம் என்று எழுதினேன். நான் திரும்பி வரும்வரை என் அலமாரியை யாரும் துடைக்கவில்லை. பீர் எப்படி என்றால், முதல் வாய் எலுமிச்சம்பழமும் குதிரை லாயமும் சேர்ந்தாற்போல் பல்லைக் கூச வைக்கும். நான்காவது வாயில், மற்ற பீரெல்லாம் இனிப்புக் கடைச் சரக்காகத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலே வெஸ்ட்விளெட்டரன். பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஹாப்ஸ் கொடி படர்ந்த வயல்களுக்கு நடுவே சின்ட் சிக்ஸ்டஸ் என்ற கத்தோலிக்க மடம். துறவிகள் 1839-ல் இருந்து பீர் காய்ச்சுகிறார்கள். 2005-ல் பீர் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு இவர்களுடைய பீரை உலகத்திலேயே சிறந்தது என்று அறிவித்ததும், மடத்துக்கு முன்னால் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? துறவிகள் ஒரு சொட்டுக்கூடக் கூட்டிக் காய்ச்ச மறுத்துவிட்டார்கள். ஜெபம் செய்து வாழ்வதற்குச் செலவுக்குக் காசு வேண்டும், அந்த அளவுக்குத்தான் பீர் என்பது அவர்கள் கணக்கு. வாங்குவதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் எங்கேஜ்ட். கிடைத்தால் கார் எண்ணைச் சொல்ல வேண்டும், குறித்த நேரத்துக்கு அந்தக் காரில்தான் வர வேண்டும். 2019-ல் இணையத்துக்கு மாறினார்கள். நெடுங்காலம் பாட்டிலில் லேபிள்கூடக் கிடையாது; மூடியின் நிறத்தைப் பார்த்து எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விற்கிறவனுக்கு விற்க விருப்பமே இல்லாத கடை! சிடுசிடுப்பின் முக்தி நிலை இது.

மடத்துக்கு எதிரே அவர்களுடைய சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து குடிக்கலாம். மஞ்சள் மூடி போட்ட 12 என்ற பீர் 10.2 சதவீதம்; கருப்பட்டி, திராட்சை, ரொட்டி எல்லாம் மாறி மாறி நாக்கில் வந்து போகும். எங்கள் மேஜைக்கு வந்த பெண்மணி கிளாஸை வைக்கும்போதும் எடுக்கும்போதும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பரம திருப்தி.

கணக்காளருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வருஷத்துக்குச் சுமார் ஆறு லட்சம் லிட்டர், அதற்கு மேல் இல்லை என்று நான் சொன்னதில் இருந்து அவர் சாப்பிடவில்லை. இவ்வளவு கிராக்கி இருக்கும்போது உற்பத்தியைக் கூட்டாமல் இருப்பது அவருடைய ஐம்புலன்களையும் தாக்கியது. இரண்டாவது 12-ஐ முடித்ததும் காகிதக் கைக்குட்டையை விரித்து, பேனாவைத் திறந்தார். ஐந்தாண்டுத் திட்டம். இரண்டாவது கொப்பரை, வங்கிக் கடன், மாவட்டத்துக்கு ஒரு டீலர், காலி பாட்டில் திரும்பப் பெறும் முறை, துறவிகளுக்கு ஷிப்டு. கடைசி வரியில் "ஜெப நேரம்: காலை மட்டும்" என்று எழுதிக் கோடிட்டார்.

பெண்மணி மேஜையைத் துடைக்க வந்தார். காகிதத்தைக் குப்பை என்று எடுத்தவர், எழுத்தைப் பார்த்து நின்றார். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்தார் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சமையற்கட்டில் இருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள்.

கணக்காளர் என் பக்கம் சாய்ந்தார். "பார்த்தீங்களா, அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுங்க." பிறகு அந்தப் பெண்மணியிடம் காகிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். போக்குவரத்துச் செலவு விட்டுப்போயிருந்ததாம்.